ஐந்து வருஷம் தூங்கிய காரும் அதன் இன்சூரன்ஸும்

2025 ஜனவரியில் எங்கள் வீட்டு நிலவரம் இது. கார் ஓட்டத் தெரிந்த அப்பாவுக்கு லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் வைத்திருக்கிற எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கார் இருக்கிறது, ஆனால் அதற்கு இன்சூரன்ஸ் இல்லை. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அப்புச்சியை வாரத்தில் ஐந்து நாள் கோயம்புத்தூர் கூட்டிப் போய் வர வேண்டும்.

சிரிப்பு வருகிறதா? இப்போது எங்களுக்கும் சிரிப்புதான். அப்போது வரவில்லை.

முதலில் கதைச் சுருக்கம். அப்பா 2019 ஜூனில் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனார். அங்கே கம்பெனி பஸ்ஸில் போய், கம்பெனி பஸ்ஸில் வந்து, அஞ்சரை வருஷம் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. எங்கள் 2012 மாடல் வேகன் ஆர், டிஎன் 41 நம்பர், ஆனைமலை ரோட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக் கொட்டகையில் தேங்காய் மட்டைகளுக்கு நடுவில் நின்றது. அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. நான் 2022-ல் பதினெட்டு முடிந்ததும் ஆசை ஆசையாய் டிரைவிங் ஸ்கூல் போய் லைசென்ஸ் எடுத்தேன். அதற்குப் பிறகு ஓட்ட வண்டி இல்லை, பேட்டரி செத்திருந்தது. கார்டு மட்டும் பர்ஸில் இருந்தது. 2019-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு முப்பது வயசுக்குள் எடுக்கிற லைசென்ஸ் நாற்பது வயசு வரைக்கும் செல்லுமாம். ஓட்ட வருமா என்று அந்தக் கார்டு நடுவில் கேட்காது.

அப்பா திரும்பி வந்த பத்தாவது நாள் அப்புச்சிக்குத் தொண்டையில் கேன்சர் என்று சொன்னார்கள். அம்மா ஒரே பெண் என்பதால் அப்புச்சி எங்களோடுதான் இருக்கிறார். அறுபது வருஷ வெத்தலை, புகையிலை. முப்பது சிட்டிங் ரேடியேஷன், திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரம். பஸ்ஸில் கூட்டிப் போகிற உடம்பு இல்லை. வாடகைக் கார் காத்திருந்து திரும்ப ஒரு நடைக்கு 2,200 ரூபாய் கேட்டார்கள். முப்பது நடைக்கு 66,000. பிகாம் மூன்றாம் வருஷம் படிக்கிறவனுக்கு இந்தக் கணக்குப் போட கால்குலேட்டர் வேண்டாம். எல்லோரும் ஒரே சமயத்தில் கொட்டகையைப் பார்த்தோம்.

அடுத்த நாள் காலையில் அப்பா பக்கத்து வீட்டு டிராக்டர் பேட்டரியில் ஒயர் போட்டுக் காரை உயிர்ப்பித்தார். "மெக்கானிக்கு கிட்ட கொண்டுபோய் விட்டுட்டு வந்தர்றேன்" என்று கிளம்பினார். நானும் ஏறிக்கொண்டேன். ரெண்டு கிலோமீட்டர் போயிருப்போம். ஒரு திருப்பத்தில் சொசைட்டிக்குப் பால் கேன் கொண்டுபோகிற அக்கா ஒருவர் எக்செல்லில் குறுக்கே வந்தார். அப்பா பிரேக்கை மிதித்தார். அஞ்சு வருஷம் நின்ற பிரேக் நினைத்த இடத்தில் பிடிக்கவில்லை. வண்டி நின்றபோது அந்த அக்காவுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. "ஏனுங், கண்ணு தெரியலீங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

அப்பா ஓரமாய் நிறுத்தினார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பொண்ணு வுழுந்திருந்தா நம்ம அரை ஏக்கரா தென்னையை வித்துத்தான் குடுத்திருக்கோணும். பத்தியிருக்காது" என்றார். நான் டேஷ்போர்டைத் திறந்து பார்த்தேன். ஒரு பாலிசி இருந்தது. 2020 ஏப்ரல் 20-ல் முடிந்திருந்தது.

அந்த மாதம் நினைவிருக்கிறதா? ஊரடங்கு. மார்ச் 25-க்கும் மே 3-க்கும் நடுவில் முடிகிற மோட்டார் பாலிசிகளை மே 15-க்குள் புதுப்பித்தால் போதும் என்று அரசு அப்போது சலுகை கூடக் கொடுத்தது. அப்பா மஸ்கட்டில், நான் ஆன்லைன் வகுப்பில், கார் கொட்டகையில். யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அப்பாவின் லைசென்ஸும் அதே வருஷம்தான் முடிந்தது. அதற்கு 2021 அக்டோபர் 31 வரை சலுகை இருந்தது. அதையும் தாண்டி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. முடிந்து ஒரு வருஷத்துக்குள் என்றால் சும்மா புதுப்பித்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் மறுபடி டெஸ்ட்டில் ஓட்டிக் காட்ட வேண்டும்.

மெக்கானிக் வந்து காரை வீட்டிலேயே பார்ப்பது, பாலிசி வராமல் கார் ரோட்டில் இறங்காது, அதுவரை வாடகைக் கார் என்று முடிவானது. இன்சூரன்ஸ் வாங்குகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. காரணம், போன செமஸ்டரில் இன்சூரன்ஸ் பேப்பரில் நான் 84 மார்க். "படிச்சது எதுக்காச்சு உதவட்டும்" என்றார் அம்மா.

நான் முதலில் பயந்தது இதற்கு. அஞ்சு வருஷம் வண்டியே ஓட்டாத குடும்பம், ஓட்டப் போகிறவனுக்கு இருபத்தொரு வயசு, அனுபவம் பூஜ்யம். பிரீமியத்தைத் தீட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன். இங்கிலாந்தில் இருக்கிற மாமா பையனிடம் கேட்டேன், பயம் இன்னும் கூடியது. அங்கே ஓட்டுகிற ஆளைப் பார்த்துத்தான் விலை. வயசு, வேலை, எந்தத் தெருவில் குடியிருக்கிறாய், எத்தனை வருஷமாய் ஓட்டுகிறாய் எல்லாம் கேட்பார்கள். கிளைம் இல்லாமல் சேர்த்த தள்ளுபடியும் ரெண்டு வருஷம் பாலிசி இல்லாவிட்டால் பெரும்பாலும் போய்விடும். என் வயசுப் பையன் கட்டுகிற தொகையை அவன் ரூபாயில் சொன்னபோது, அதற்கு எங்கள் வேகன் ஆரையே வாங்கிவிடலாம் போலிருந்தது.

நம் ஊரில் அப்படி இல்லை மக்களே. இங்கே இன்சூரன்ஸ் காருக்கு, ஓட்டுகிறவருக்கு இல்லை. யார் ஓட்டப் போகிறார்கள், எத்தனை வருஷம் ஓட்டவில்லை என்று நான் பார்த்த எந்த விண்ணப்பமும் கேட்கவில்லை. சொந்தக்காரர் அனுமதியோடு, செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருக்கிற யார் ஓட்டினாலும் பாலிசி செல்லும். ஓட்டாமல் இருந்த வருஷத்துக்கு இங்கே அபராதம் கிடையாது. காகிதம் இல்லாமல் இருந்த நாளுக்குத்தான் அபராதம். இந்த ரெண்டும் வேறு வேறு என்று புரிய எனக்கு ரெண்டு நாள் ஆனது.

சரி, விலைக்கு வருவோம். பிரீமியம் என்று ஒரே தொகையாகச் சொன்னாலும் உள்ளே ரெண்டு பாகம் உண்டு.

ஒன்று, மூன்றாம் நபர் காப்பீடு, தர்ட் பார்ட்டி. நம் வண்டியால் அடிபடுகிற வெளியாளுக்கானது. அந்தப் பால்கார அக்காவுக்கானது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்கக் கூடாது, சட்டம். பிரிட்டனில் 1930-ல் வந்தது. இங்கே 1939 மோட்டார் வாகனச் சட்டத்தில் எழுதி, 1946-ல்தான் கட்டாயமானது. இப்போது இருக்கிற 1988 சட்டத்தில் 146-வது பிரிவு. மாட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை ஜெயில் அல்லது ரெண்டும். அடுத்த தடவை அபராதம் 4,000. இந்தப் பாகத்துக்கு விலையை அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் வந்த அறிவிப்பின்படி 1000 சிசி வரையுள்ள சொந்தக் காருக்கு 2,094 ரூபாய், 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. எங்கள் கார் 998 சிசி. ரெண்டு சிசியில் தப்பித்தோம்! இந்தத் தொகை எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒன்றுதான். "எங்ககிட்ட தர்ட் பார்ட்டி சீப்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

ரெண்டாவது, சொந்தச் சேதம், ஓன் டேமேஜ். நம் காருக்கு அடிபட்டால், திருடு போனால், வெள்ளத்தில் போனால் கிடைப்பது. இந்தப் பாகத்துக்கும் ஒரு காலத்தில் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே விலைப் பட்டியல்தான். 2007 ஜனவரி 1 முதல் அது தளர்ந்தது, கம்பெனிகள் போட்டி போடலாம் என்றானது. அதனால் விசாரித்து அலைவதில் ஏதாவது மிச்சம் ஆகும் என்றால் அது இந்தப் பாகத்தில்தான். பழைய 2002 பட்டியல் அடிப்படையாக இன்னும் உதவுகிறது. அதில் சென்னை, மும்பை, பெங்களூரு மாதிரி எட்டு பெரிய நகரங்கள் ஏ மண்டலம், மிச்ச இந்தியா முழுக்க பி மண்டலம். பத்து வருஷத்துக்கு மேல் ஆன சின்னக் காருக்கு ஏ மண்டலத்தில் கார் மதிப்பில் 3.362 சதவீதம், பி மண்டலத்தில் 3.267. பொள்ளாச்சிக்காரனாய்ப் பிறந்ததற்கு ஒரு லட்சம் மதிப்புக்கு 95 ரூபாய் லாபம். ஹி ஹி.

எங்கள் காருக்கு மதிப்பு, அதாவது ஐடிவி, 1,10,000 என்று போட்டார்கள். அஞ்சு வருஷம் வரை எத்தனை சதவீதம் கழிக்க வேண்டும் என்று பட்டியல் இருக்கிறது, அதற்கு மேல் இருதரப்பும் பேசி முடிவு செய்வது. மதிப்பைக் குறைத்துப் போட்டால் பிரீமியம் குறையும். கார் திருடு போனால் கிடைப்பதும் குறையும். 1,10,000-க்கு 3.267 சதவீதம் என்றால் 3,594. எனக்கு நல்ல விலை சொன்ன கம்பெனி நாற்பது சதவீதம் தள்ளி 2,156 என்றது.

இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் வழுக்கினேன்.

பழைய பாலிசியில் அப்பாவுக்கு 50 சதவீத நோ கிளைம் போனஸ் இருந்தது. ஒரு வருஷம் கிளைம் இல்லாவிட்டால் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, அஞ்சாம் வருஷத்தில் 50. அதற்கு மேல் ஏறாது. பல வருஷம் ஒழுங்காய் ஓட்டிச் சேர்த்த சொத்து. ஆனால் பாலிசி முடிந்து 90 நாளைக்குள் புதுப்பிக்காவிட்டால் மொத்தமும் பூஜ்யம். அப்பா வெளிநாடு போகும்போது காரை விற்றிருந்தால்கூட, போனஸைத் தக்கவைத்து ஒரு சான்றிதழ் வாங்கி, மூன்று வருஷத்துக்குள் வாங்குகிற அடுத்த காருக்கு அதைப் பயன்படுத்தியிருக்கலாம். விற்காமல் கொட்டகையில் நிறுத்தி, காகிதத்தை மறந்ததால் போனது.

இந்த விவரத்தைச் சொன்ன ஏஜென்ட் அண்ணனே வழியும் சொன்னார். "தம்பி, முந்தைய பாலிசி போன மாசம்தான் முடிஞ்சுதுன்னு ஒரு டிக். அம்பது பர்சென்ட் வந்துருமுங்க. யாரு போயிப் பாக்கப் போறா?"

2,156-ல் பாதி 1,078. ஜிஎஸ்டி சேர்த்தால் 1,272 ரூபாய் மிச்சம். ஒரு டிக். பேட்டரிக்கும் பிரேக்குக்கும் ஏற்கெனவே கை வைத்தாகிவிட்டது. அன்றைக்கு எங்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "நீ படிச்சியே, அதுல என்ன எழுதியிருக்குது?"

எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம். இன்சூரன்ஸ் ஒப்பந்தத்தின் முதல் தத்துவம் உச்ச நல்லெண்ணம். விற்கிறவருக்குத் தெரியாத உண்மையை வாங்குகிறவர் தானே சொல்ல வேண்டும். பத்து மார்க் கேள்வி, நாலு பக்கம் எழுதியிருக்கிறேன். புது கம்பெனி பழைய கம்பெனியிடம் போனஸை விசாரிப்பதும் உண்டு. பொய் என்று தெரிந்தால் சொந்தச் சேதப் பாகத்தின் பலன் எல்லாம் பறிபோகும் என்று விண்ணப்பத்திலேயே உறுதிமொழி இருக்கிறது. அதாவது 1,272 ரூபாயை மிச்சம் பிடிக்க மீதி 1,078-ஐயும் தண்ணீரில் போடுவது. கணக்குப்படியே முட்டாள்தனம். ஆனால் உண்மையைச் சொன்னால், என்னை நிறுத்தியது கணக்கு இல்லை. அப்பா அந்தக் கேள்வியைக் கேட்ட விதம். பூஜ்யம் என்றே போட்டோம்.

அடுத்த கேள்வி, சொந்தச் சேதப் பாகம் வேண்டுமா? பதிமூன்று வயசுக் கார். தர்ட் பார்ட்டி மட்டும் என்றால் 2,094, பதினெட்டு சதவீத ஜிஎஸ்டியோடு 2,471 ரூபாய். வேலை முடிந்தது. முழு பாலிசி எடுத்தாலும், பத்து வருஷம் தாண்டிய காரின் உலோகப் பாகங்களுக்குப் பாதி தேய்மானம் கழிப்பார்கள், பிளாஸ்டிக்குக்கும் பாதி. முதல் ஆயிரம் ரூபாய் நம் கையிலிருந்து. நான் சுவரில் உரசி பம்பரைப் பெயர்த்தால் கிளைமில் வருவது டீச் செலவுக்குத்தான் ஆகும். ஆக, தர்ட் பார்ட்டி மட்டும் போதும் என்று முடிவு செய்து, கார்டு நம்பர் எல்லாம் அடித்துவிட்டேன்.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு சந்தேகம். மூன்றாம் நபர் என்றால் யார்? முதல் நபர் அப்பா, ரெண்டாம் நபர் கம்பெனி. மற்ற எல்லோரும் மூன்றாம் நபர்தானே? பின் சீட்டில் உட்காரும் அப்புச்சி?

தேடினேன். சொந்தக் காரில் சும்மா கூட வருகிறவர்கள், தர்ட் பார்ட்டி மட்டும் உள்ள பாலிசியில் வரமாட்டார்கள். உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. முழு பாலிசி, அதாவது பேக்கேஜ் பாலிசி என்றால் காருக்குள் இருப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. 2009-ல் காப்பீட்டு ஆணையம் கம்பெனிகளுக்கு இதைச் சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியது. 2012-ல் நேஷனல் இன்சூரன்ஸ் எதிர் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தை உறுதி செய்தது.

84 மார்க் வாங்கிய எனக்கு இது தெரியாது. எந்த விளம்பரமும் சொல்லவில்லை. எல்லாரும் முழு பாலிசி என்றால் "கீறல் விழுந்தா காசு கிடைக்கும்" என்றுதான் விற்கிறார்கள். நான் பம்பர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கேன்சரோடு ஒரு கிழவனார் பின் சீட்டில் உட்காரப் போகிறார், முன்னால் ஓட்டப் போவது மூன்று வருஷமாய் ஸ்டியரிங் தொடாத நான். ரெண்டு பாலிசிக்கும் உண்மையான வித்தியாசம் அந்தப் பின் சீட்டில் இருந்தது.

முழு பாலிசியே எடுத்தோம். 2,156-ம் 2,094-ம் சேர்த்து, பயணிகளுக்குத் தலைக்கு ஒரு லட்சம் விபத்துக் காப்பீடாக அஞ்சு பேருக்கு 250. மொத்தம் 4,500, ஜிஎஸ்டி 810, ஆக 5,310. சொந்தக்காரர் ஓட்டும்போது அவருக்கென்று 15 லட்சம் விபத்துக் காப்பீடு ஒன்று உண்டு. சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி 2018-ல் அப்படி உயர்த்தினார்கள், அதற்கு முன்னால் காருக்கு வெறும் ரெண்டு லட்சம். ஆனால் சொந்தக்காரருக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால்தான் அது பொருந்தும். அப்பாவுக்கு இல்லை. லைசென்ஸ் வந்த பிறகு தனியாக எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டோம்.

இன்னும் குறைக்க ஒரு வழி இருந்தது. "சேதத்தில் முதல் 2,500 ரூபாயை நானே ஏற்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தால் சொந்தச் சேதப் பாகத்தில் தள்ளுபடி கிடைக்கும். ஓட்டப் போவது நான் என்பதால் அந்த வீரம் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார்.

விட்டுப்போன பாலிசி என்பதால் காரைப் பார்க்காமல் தரமாட்டார்கள். போனுக்கு லிங்க் வந்தது. காரைச் சுற்றி வந்து வீடியோ எடுக்க வேண்டும். நம்பர் பிளேட், சேஸிஸ் நம்பர், கண்ணாடி, ஓடிய கிலோமீட்டர் எல்லாம் தெரிய வேண்டும். தேங்காய் மட்டைகளை அகற்றி, அம்மா காரைக் கழுவி, கண்ணாடியில் மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டார். கண்ணாடி மறைகிறது என்று வீடியோ ஒரு முறை திரும்பி வந்தது. புகைச் சான்றிதழ் இருந்தால்தான் இன்சூரன்ஸ் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் போட்ட நிபந்தனையை 2024 ஜூலையில் தளர்த்திவிட்டது. இருந்தாலும் ரோட்டில் ஓட்டப் புகைச் சான்றிதழ் வேண்டும், அதையும் எடுத்தோம். ஆர்சி 2027 வரை இருந்தது, நல்லவேளை.

பாலிசி கைக்கு வந்ததும் நான் ஒரு வாரம் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன், 3,500 ரூபாய். மாஸ்டர் என் லைசென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மனிதர் நாகரிகமானவர்.

முதல் எட்டு சிட்டிங் வாடகைக் காரில் போனது. ஒன்பதாவது நாள் நான். பக்கத்தில் அப்பா, பின்னால் அப்புச்சி, அம்மா. அச்சிப்பட்டி தாண்டுவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. கிணத்துக்கடவு பக்கத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்ததில் வண்டி ஆஃப் ஆகி நடு ரோட்டில் நின்றது. அப்பா கதவைத் திறந்தார். "எறங்கு, நான் ஓட்டறேன். இருவது வருசம் ஓட்டுனவன்டா."

அவர் சொன்னது உண்மை. என்னைவிட நூறு மடங்கு நன்றாக ஓட்டுவார். ஆனால் சட்டத்துக்கு அது தெரியாது. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால், அடிபட்டவருக்குக் கம்பெனி பணம் கொடுத்துவிட்டு வண்டிச் சொந்தக்காரரிடம் அதை வசூலிக்கலாம் என்று 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதாவது, மறுபடி அந்த அரை ஏக்கர் தென்னை. "வேண்டாம்ப்பா, நீங்க ஓட்டுனா 5,310 ரூபா வீண்" என்றேன். அப்பா என்னைப் பார்த்தார், கதவைச் சாத்தினார். பின்னாலிருந்து அப்புச்சி, ரேடியேஷனில் பாதி போன குரலில், "பையன் ஓட்டட்டும் மாப்ளே. நமக்கென்ன, ரயிலா போகுது" என்றார். செல்ஃப் அடித்தேன், கிளம்பியது.

இருபத்திரண்டு நடை ஓட்டினேன். பெட்ரோல் நடைக்கு 650 வீதம் 14,300. காரைச் சரி செய்ய 13,000. டிரைவிங் ஸ்கூல் 3,500. இன்சூரன்ஸ் 5,310. ஆக 36,110. வாடகைக் கார் என்றால் 48,400 ஆகியிருக்கும். மிச்சம் 12,290 ரூபாய். இது தவிர எனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்த இருபத்திரண்டு நாளும் இலவசம்.

இந்த அலைச்சலில் தெரிந்துகொண்ட இன்னொரு விஷயம், நம் கோவைக்காரர் ஒருவரைப் பற்றியது. கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் சாலை விபத்துகள் தொடர்பாக 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில் 2018 ஜூலையில் வந்த உத்தரவால்தான், அந்த வருஷம் செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று வருஷத்துக்கும் புது டூவீலருக்கு அஞ்சு வருஷத்துக்கும் தர்ட் பார்ட்டியைச் சேர்த்தே வாங்க வேண்டும் என்று ஆனது. முதல் வருஷம் முடிந்ததும் ஜனங்கள் புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் காரணம். படித்தபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அந்த ஜனங்கள் நாங்கள்தான்.

உங்கள் வீட்டிலும் யாராவது வெளிநாட்டில் இருந்து, கார் ஷெட்டில் தூங்கிக்கொண்டிருந்தால், நான் சொல்வது இவ்வளவுதான். காலாவதித் தேதியை இன்றைக்கே போய்ப் பாருங்கள். 90 நாள் தாண்டாவிட்டால் போனஸ் இன்னும் உங்களுடையது. லைசென்ஸ் தேதியையும் பாருங்கள், ஒரு வருஷம் தாண்டினால் டெஸ்ட். தர்ட் பார்ட்டி விலைக்காக அலையாதீர்கள், சொந்தச் சேதப் பாகத்துக்கு மட்டும் நாலு இடத்தில் கேளுங்கள். எது மலிவு என்று பார்ப்பதற்கு முன்னால் பின் சீட்டில் யார் உட்காரப் போகிறார்கள் என்று பாருங்கள்.

அப்பா எல்எல்ஆர் போட்டு, பதினெட்டு வயசுப் பசங்களோடு வரிசையில் நின்று, ஏப்ரலில் டெஸ்ட் பாஸ் பண்ணினார். வீட்டுக்கு வந்து லட்டு கொடுத்தார்! அப்புச்சிக்கு இப்போது குரல் கொஞ்சம் கொஞ்சமாய்த் திரும்பி வருகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை செக்கப். போன செக்கப்புக்குக் கிளம்பும்போது அப்பா சாவியை எடுத்தார். அப்புச்சி என்னைக் காட்டி, "அவனே ஓட்டட்டும், பழகிருச்சு" என்றார்.

என் இன்சூரன்ஸ் பேப்பரில் யாரும் போடாத மார்க் அது.